அருவிக்கரைப் பங்காளிகள்

என் மகளுக்கு,

நேற்று நீ போனில் "அப்பா, நான் ரொம்பப் பேசுதேனோ?" என்று கேட்டாய். கேட்டுவிட்டு நீயே சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. புதுப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை, குரங்கெல்லாம் எப்போது மனிதனாகும் என்று கேட்டிருக்கிறது. நீ விளக்க ஆரம்பித்து, மணி அடித்ததுகூடத் தெரியாமல் நின்றிருக்கிறாய். பாடத்தில் உள்ளதை மட்டும் நடத்தினால் போதும், பிள்ளைகள் கேட்பதற்கெல்லாம் மல்லுக்கட்டிக்கொண்டு நிற்க வேண்டாம் என்று ஒரு மூத்த டீச்சர் சொன்னாராம். திருவனந்தபுரத்துக்குக் குடிபோய் பால் காய்ச்சிய பாத்திரம் இன்னும் காயவில்லை, அதற்குள் உனக்கு இப்படி ஒரு சந்தேகம். "அம்மாட்ட குடுக்கேன்" என்று போனைக் கைமாற்றிவிட்டேன். போலீஸ்காரன் வாயைத் திறந்தால் அதட்டல் வரும், இல்லாவிட்டால் விசில் வரும். பதில் வர நேரமாகும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பதில் கொஞ்சம் நீளம். அது உன் கல்யாணத்தோடு ஒட்டியது. மாப்பிள்ளை ஒற்றைக்காலில் நின்றதால்தான் இந்தச் சம்பந்தம் முடிந்தது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். மாப்பிள்ளை நல்ல பிள்ளை, நிற்கச் சொன்னால் ஒற்றைக்காலிலும் நின்றிருப்பார். ஆனால் நடந்தது வேறு. அன்றைக்கு நீ வீட்டில் இல்லை. நானும் உன் அம்மாவும்தான் பார்த்தோம். அவளைச் சொல்லச் சொன்னால் அடுப்பில் என்ன கொதித்தது என்பதில் ஆரம்பித்து அங்கேயே நின்றுவிடுவாள். ஆகவே நான் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு பழைய சங்கதி. சீசன் வந்தால் எனக்குக் குற்றாலத்தில் பந்தோபஸ்து போடுவார்கள். மெயின் அருவியில் நின்றுகொண்டு, "ஏலே, அங்கன வழுக்கும், ஏறாத" என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். தண்ணீர் பெருகிப் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழுந்தால் கூட்டத்தை வெளியே விரட்ட வேண்டும். லீவு நாளில் உன்னையும் கூட்டிக்கொண்டு போவேன். முன்பல் விழுந்த வயது உனக்கு. சாரலில் நனைந்த தலையோடு எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து குரங்குகளையே பார்த்துக்கொண்டிருப்பாய். ஒருநாள், "குரங்குலேருந்துதானப்பா மனுசன் வந்தான்? அப்போ இதெல்லாம் எப்பப்பா மனுசனாகும்?" என்று கேட்டாய். நான் அப்போது, அங்கே தடைசெய்திருந்த ஷாம்பு பாக்கெட்டை மடியில் ஒளித்துக்கொண்டு அருவிக்குள் போகப் பார்த்த ஒரு ஆளோடு சண்டையில் இருந்தேன். "ஆகும்ளா, கொஞ்ச நாள்ல ஆகும்" என்று சொல்லிவிட்டேன். உன்னை ஏமாற்றச் சொன்னதில்லை. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நம்மூரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். குரங்கு கீழ்ப்படியில் நிற்கிறது, மனுஷன் மேல்படியில் நிற்கிறான், அது மெதுவாக ஏறி வந்துகொண்டிருக்கிறது என்று.

நீ அதை நம்பிவிட்டாய். காது கிழிந்த ஒரு கடுவன் குரங்கைத் தேர்ந்தெடுத்து, இதுதான் முதலில் ஆகும் என்று முடிவுசெய்தாய். அந்தச் சீசன் முழுக்க அதன் வால் குட்டையாகிறதா என்று பார்த்தாய். அடுத்த வருஷமும் அதே குரங்கு, அதே காது, அதே வால். உன் கையிலிருந்த நேந்திரங்காய் சிப்ஸை ஒரே பாய்ச்சலில் பறித்துக்கொண்டு மரத்துக்குப் போனது. அழுவாய் என்று நினைத்தேன். நீ அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "அதுக்குக் குரங்கா இருக்கதுதான் பிடிச்சிருக்கு போல" என்றாய். பெஞ்சில் இருந்த போலீஸ்காரர்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிற்பாடு நீ காலேஜில் விலங்கியல் படித்துத் தெரிந்துகொண்டதில் பாதியை அன்றைக்கே சொல்லிவிட்டாய் என்று இப்போது தோன்றுகிறது.

இனி பெண் பார்க்க வந்த நாளுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது உனக்குத் தெரியும். பிள்ளைக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று தரகர் காதில் போட்டுவிட்டுப் போனார். உன் அம்மா சாமி படத்துக்கு முன்னால் நிற்கிற நேரம் கூடிக்கொண்டே போனது. அதனால்தான் செங்கோட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் நம் குத்துக்கல்வலசை வீட்டுக்கு வருகிற அன்று காலையில் உனக்கு உத்தரவு போட்டேன். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. நீயா ஒண்ணும் பேசாத." நீ அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தாய். அதுதான் வினையாயிற்று.

உன் மாமனார் மலைப்பாதையில் கொல்லம் வரைக்கும் பஸ் ஓட்டி ரிட்டயரானவர். வந்து உட்கார்ந்தார், கேசரியில் ஒரு வாய், காபியில் ஒரு மடக்கு, அத்தோடு சரி. நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். சம்பந்தம் முடியாத வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். பலகாரம், காபி சாப்பிடலாம். இலையில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டால் பெண்ணை எடுத்துக்கொண்டோம் என்று அர்த்தம். உன் அம்மா ஒரு நப்பாசையில் சாம்பாரும் அவியலும் வைத்து மூடியிருந்தாள். அவர் உன்னிடம் என்ன படிப்பு என்று கேட்டார். நீ சொன்னாய். உடனே மனுஷன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்போ எனக்கு ஒரு சந்தேகம்மா. ரொம்ப நாளா யாருட்டயும் கேக்க முடியல. குரங்குலேருந்து மனுசன் வந்தான்னு சொல்லுதாவளே, நானும் மலைப்பாதையில எம்புட்டோ குரங்கப் பாத்தாச்சு. ஒண்ணுகூட மாறுன மாதிரி தெரியலையே. அது எப்பத்தான் மனுசனாகும்?"

பெண் பார்க்க வந்த இடத்தில் கேட்கிற கேள்வியா இது! அவருடைய அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் உனக்குக் கண்ணைக் காட்டினேன். தெரியல மாமா என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்திருந்தால் சோலி முடிந்தது. நீ என்னைப் பார்த்தாய், அவரைப் பார்த்தாய், "மாறாது மாமா" என்றாய்.

"மாறாதா? ஏன்?"

"நாம இந்தக் குரங்குலேருந்து வரல மாமா. இதுக்கும் நமக்கும் பொதுவா ஒரு பாட்டன் இருந்தான், கோடிக்கணக்கான வருசத்துக்கு முன்னால. அவன் வம்சத்துல ஒரு கூட்டம் ஒரு பக்கம் போச்சு, இன்னொரு கூட்டம் இன்னொரு பக்கம் போச்சு. தென்காசியிலேருந்துதான புனலூர் பஸ்ஸும் கெளம்புது, அம்பாசமுத்திரம் பஸ்ஸும் கெளம்புது? அம்பாசமுத்திரம் பஸ்ல ஏறி உக்காந்துட்டு, எம்புட்டு நேரம் போனாலும் புனலூர் வருமா? அது பிந்தி வார பஸ் இல்ல மாமா. ரூட்டே வேற."

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, "சரி, போயிட்டு போன் பண்ணுதோம்" என்றார். அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று பெண்ணைப் பெற்ற எல்லோருக்கும் தெரியும். மாப்பிள்ளை செருப்பை மாட்டும்போது ஒருதரம் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான், போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு நான் ஆடிய ஆட்டம் உனக்கு நினைவிருக்கும். "ஏட்டி, தெரியலன்னு ஒரு வார்த்தை சொன்னா உன் படிப்பு தேஞ்சா போயிரும்? காலமெல்லாம் பஸ் ஓட்டுன மனுசன்ட்ட போய் பஸ் கதை சொல்லுத. குத்திக் காட்டுதான்னு நெனைக்க மாட்டாவளா?" என்று குதித்தேன். நீ அமைதியாக, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னிய. கேட்டாவ, சொன்னேன். அவுகளுக்குத் தெரிஞ்சத வச்சுத்தானப்பா சொல்லணும்?" என்றாய். வாயடைத்தால் எனக்குக் கோபம் கூடும். உன்னோடு பேச்சை நிறுத்திவிட்டேன். அவியலை நாமேதான் மறுநாளும் சூடுபண்ணித் தின்றோம்.

இனிமேல் சொல்லப்போவதுதான் உனக்குத் தெரியாதது. மறுநாளே அவர் போன் செய்தார். ஜாதகம் சரியில்லை என்று நாசூக்காகச் சொல்லப்போகிறார் என்று நினைத்து வாசலுக்குப் போய் நின்று எடுத்தேன். "அண்ணாச்சி, ஒரு விசயம். அருவிக்கரையில குரங்கு இப்போ பாட்டில் மூடியத் தொறந்து ஜூஸ் குடிக்குது. நானே பாத்திருக்கேன். அப்போ அது மாறுதுன்னுதான அர்த்தம்? பிள்ளைட்ட கேட்டுச் சொல்லும்" என்றார். சம்பந்தம் என்னாயிற்று என்று நானாகக் கேட்க முடியுமா? பெண்ணைப் பெற்றவன் ஆயிற்றே. உன்னோடு பேச்சும் இல்லை. அடுக்களை வாசலில் நின்று உன் அம்மாவிடம், "குரங்கு பாட்டில் மூடியத் திறக்கே, அப்போ அது மாறுதுன்னுதான அர்த்தம்னு அவகிட்ட கேளு" என்றேன். நீ அப்பா சமாதானத்துக்கு வழி தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டாய். முகமெல்லாம் சிரிப்பாகப் பதில் சொன்னாய். "அது பாத்துப் படிச்சது அம்மா. பிறவியில வந்தது இல்ல. பக்கத்து வீட்டுக் குட்டிப்பய போனத் தேய்க்கான்லா, அவன் பிறக்கும்போதே தெரிஞ்சுக்கிட்டா வந்தான்? அது மாதிரிதான்." கேட்டது நானில்லை மகளே. அவர்தான். உன்னிடம் சொல்லாததற்குக் காரணம், ஆசை காட்டி மோசம் பண்ணக் கூடாது என்பதுதான். மூன்றாவதும் தட்டிப்போனால் உன் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்ற பயம்.

அந்த வாரத்திலேயே மறுபடியும் போன். "கோடி வருசம் கழிச்சாவது மனுசனாகுமா, ஆகாதா? அத மட்டும் கேட்டுச் சொல்லும்." மறுபடியும் அடுக்களை வாசல். இந்தத் தரம் நீ கையிலிருந்த வெங்காயத்தை வைத்துவிட்டு என்னையே பார்த்துச் சொன்னாய். "அதுவும் மாறிக்கிட்டேதான்பா இருக்கும். வேற ஏதாவதா மாறலாம். ஆனா நாமளா மாறாது. நாம வந்த வழி, அந்த மழை, அந்தக் காடு, அந்த விபத்தெல்லாம் மறுபடி அதே மாதிரி நடக்காதுலா? அதோட, அது எதுக்கு மனுசனாகணும்? மரத்துல தாவ, பாறையில ஏற, நம்ம கையிலேருந்து பறிக்க, அதுக்கு வேண்டியதெல்லாம் அதுட்ட இருக்கு. அது பாதியில நின்னுபோன மனுசன் இல்லப்பா, முழுக் குரங்கு. நமக்குப் பாட்டன் இல்ல, பங்காளி."

நான் வாசலுக்குப் போய் அதை அப்படியே போனில் ஒப்பித்தேன். "பங்காளியா?" என்று மட்டும் கேட்டார். போனை வைத்துவிட்டார். காரியம் கெட்டுப்போச்சு, பெண் எடுக்க வந்த மனுஷனிடம் குரங்கு உமக்குப் பங்காளி என்று சொல்லிவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன். உன் அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே வாய்" என்று அழுதாள்.

அப்புறம் ஒரு நாள், நீ பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்த நேரம், உச்சிவேளை. சாரல் அடித்துக்கொண்டிருந்தது. மொபெட் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால் அவர். தனியாக வந்திருந்தார். தலை ஈரம், தோளில் ஈரத் துண்டு. "ஐந்தருவியில குளிச்சிட்டு வாறேன் அண்ணாச்சி. பங்காளிகளையும் பாத்துட்டுத்தான் வாறேன்" என்றார். முகத்தில் சிரிப்பா கோபமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவரே பேசினார்.

"வடை வாங்கிட்டு வந்தேன், ஒருத்தன் பொட்டலத்தோட பிடுங்கிட்டுப் போயிட்டான். கம்ப எடுத்தேன். எடுத்துட்டு, சே, அவன் பங்க அவன் எடுத்துட்டுப் போறான், நாம என்னத்துக்கு அடிக்கணும்னு கம்பப் போட்டுட்டேன்." அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "பஸ் ஓட்டுன காலத்துல முதுகுக்குப் பின்னால ஓயாம பேச்சுச் சத்தம் கேட்டுக்கிட்டே வரும் அண்ணாச்சி. ரிட்டயரானப்புறம் வீட்டுல எனக்குப் பதில் சொல்ல ஆளில்ல. நான் எதச் சொன்னாலும் வீட்டுக்காரி சரிங்கா, மகன் சரிங்கான். மரியாதைதான், இல்லங்கல. ஆனா சரி சரின்னு கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. ஒம்ம பிள்ளதான் என் மூஞ்சியப் பாத்து, மாறாது மாமான்னு சொல்லிச்சு. நான் ஓட்டுன ரூட்ட வச்சே எனக்கு வெளங்க வச்சிச்சு. அன்னைக்கு அப்படியே மலைச்சுப்போய் உக்காந்துட்டேன்."

"அப்போ ஏன் அண்ணாச்சி தகவல் ஒண்ணும் சொல்லல?" என்று அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"என்னவே சொல்லுதீரு? போன் பண்ணுதோம்னு சொன்னேன். பண்ணுனேன்லா?" என்றார். கொஞ்சம்கூட விளையாட்டில்லை. அந்த மனுஷனுக்கு முதல் போனிலேயே சம்பந்தம் முடிந்துவிட்டது. எனக்குத்தான் தெரியவில்லை.

அவர் எழுந்து வாசல் குழாயில் கையைக் கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டே, "பசிக்கு. வீட்டுல இலை இருக்கா?" என்றார். உள்ளே கரண்டி விழுகிற சத்தம் கேட்டது, உன் அம்மாதான். ரசமும் தேங்காய்த் துவையலும்தான் அன்றைக்கு. "ஐயோ, ஒண்ணுமே வைக்கலையே" என்று அவள் பதறினாள். "ரசத்துக்கு என்ன தங்கச்சி கொறச்சல்" என்று அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் அரிவாளை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். இலையை அறுத்துவிட்டு அந்த வாழை மறைவிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். கண்ணீர் வந்துவிட்டது. சர்வீஸில் எத்தனையோ பேர் அழுததைப் பார்த்தவன், நான் அழுததை யாரும் பார்த்ததில்லை. சாரல் அடித்துக்கொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று. சாயங்காலம் நீ வந்ததும் அம்மா "சம்பந்தம் முடிஞ்சிட்டுளா" என்றாள். மாப்பிள்ளை பிடிவாதம் பிடித்திருப்பார் என்று நீயே முடிவுசெய்து வெட்கப்பட்டாய். சந்தோஷமாக இருக்கிறாளே, அதைக் கெடுப்பானேன் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

ஆகவே, நீ ரொம்பப் பேசுகிறாயா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். வாயை மூடிக்கொண்டிரு என்று அன்றைக்கு நான் கண்ணைக் காட்டினேன். அதன்படி நீ நடந்திருந்தால் அந்த வீட்டில் தலையாட்ட இன்னொரு ஆள் கூடியிருக்கும், அவ்வளவுதான். அந்த மூத்த டீச்சர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை, என்னைப் போலப் பயந்த மனுஷியாக இருக்கலாம். அவரிடம் மரியாதையாக நடந்துகொள். மணி அடித்தால் வகுப்பை விட்டு வெளியே வா, அடுத்த டீச்சர் காத்திருப்பார். ஆனால் ஒரு பிள்ளை எழுந்து நின்று கேட்டால் பதில் சொல்லாமல் உட்காரவைக்காதே. நான் உன்னை ஒரு ஷாம்பு பாக்கெட் சண்டையின் நடுவே உட்காரவைத்தேன். நீயாகத் தேடிப் படித்துக்கொண்டாய். எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி வாய்க்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போலீஸ்காரனுக்கு எல்லாமே படிதான். கான்ஸ்டபிள், ஏட்டு, எஸ்.ஐ., இன்ஸ்பெக்டர். என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஜீப்பில் முன்சீட்டுக்குப் போய்விட்டார்கள். எனக்குக் கடைசிக் காலத்தில் சர்வீஸைக் கணக்குப் பார்த்து ஒரு நட்சத்திரம் கொடுத்தார்கள், ஆனாலும் ஊருக்கு நான் ஏட்டையாதான். வழியில் நின்றுபோனவன் என்றே என்னை நினைத்துவந்தேன். வெளியே சொன்னதில்லை. அன்றைக்கு நீ வெங்காயத்தை வைத்துவிட்டுச் சொன்ன பதிலை உன் மாமனாருக்கு ஒப்பித்தேனே, ஒப்பிக்கும்போதே எனக்கும் உறைத்தது. நான் பாதியில் நின்ற இன்ஸ்பெக்டர் இல்லை, முழு ஏட்டு. அருவியில் வழுக்க இருந்த எத்தனையோ பேரைக் கையைப் பிடித்து இழுத்தவன். என் ரூட் அது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீதான். நம் பக்கத்தில் அப்பன் மகளுக்கு நன்றி சொல்கிற வழக்கமில்லை. சொன்னால் உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள். கேட்டால் கேட்கட்டும். உனக்கு நன்றி மகளே. நீ எனக்குப் பிறந்ததற்கும், அன்றைக்கு என் கண்ஜாடைக்குத் தலையைக் குனியாததற்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் சம்பந்தியும் மெயின் அருவிக்குப் போயிருந்தோம். தண்ணீர் அளவாக விழுந்தது. குளித்துவிட்டு வெளியே வரும்போது மதுரைப் பக்கத்து ஆள் ஒருவரின் பையை ஒரு குரங்கு இழுத்துக்கொண்டிருந்தது. அவர் பையைப் பிடுங்கிக்கொண்டு, "இதெல்லாம் என்னைக்கு மனுசனாகப் போகுதோ" என்று திட்டினார். நானும் சம்பந்தியும் ஒரே நேரத்தில் "ஆகாது" என்றோம். அவர் பயந்துபோய்ப் பார்த்தார். விடுவோமா? சம்பந்தி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆரம்பித்தார், நான் பங்காளியிலிருந்து ஆரம்பித்தேன். ஈர வேட்டியோடு நின்று மொத்தப் பாடத்தையும் நடத்திவிட்டோம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி கடைசியில், "அப்போ அந்தப் பொதுப் பாட்டனுக்கு வால் இருந்துச்சா, இல்லையா? இருந்துச்சுன்னா நமக்கு எங்க போச்சு?" என்று கேட்டார்.

நான் சம்பந்தியைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். பிறகு அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்க மருமகட்ட கேட்டுச் சொல்லுதோம்" என்றார். அந்த அம்மாள் என் நம்பரை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். உன் மாமனார் தினமும் காலையில் போன் செய்து, பிள்ளை என்ன சொல்லிச்சு என்று கேட்கிறார். நேற்று உன்னிடம் கேட்க மறந்துவிட்டேன், சீக்கிரம் கூப்பிடு. இந்தத் தரம் அம்மாவிடம் கொடுக்க மாட்டேன்.

உன் அப்பா